கோட்டுக்கு இரு பக்கமும்

கென்யாவையும் தான்சானியாவையும் பிரிக்கும் எல்லை, விக்டோரியா ஏரியிலிருந்து இந்தியப் பெருங்கடலை நோக்கி ஏறக்குறைய நேராக ஓடுகிறது. கிளிமஞ்சாரோ மலையருகே மட்டும் வளைகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனும் ஜெர்மனியும் பேசி முடித்துப் போட்ட கோடு அது. மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம் இரண்டாகப் பிளந்தது.

பொருளியலாளர் எட்வர்ட் மிகெல் இக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு மாவட்டத்தை ஒப்பிட்டு, 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கென்யாவின் புசியாவில், பல இனத்தார் கலந்து வாழும் பகுதிகளில் தொடக்கப் பள்ளிக்குத் திரண்ட பணம் குறைவு. வகுப்பறை வசதியும் மோசம். பணம் தராத பெற்றோர் வேறு இனத்தவரென்றால், அவரிடம் போய் உரிமையோடு கேட்க ஊராருக்கு வாய் வரவில்லை. தான்சானியாவின் மெயாட்டுவிலோ, இனக் கலப்பால் பள்ளிக்கு அப்படியொரு பாதிப்பு தெரியவில்லை. வேற்றினத்தாரையும் நம்முடைய ஆள் என்று அங்கே நினைக்க வைத்தது எது?

தான்சானியாவில் 120க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மிகப் பெரிய இனமான சுகுமாவும் அங்கே சிறுபான்மைதான். முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே, சனாகி என்ற மிகச் சிறிய இனத்தில் பிறந்தவர். யாரும் யாரையும் விழுங்க முடியாத இந்த நிலை பெரிய வாய்ப்பு. அதோடு சுவாஹிலியும் இருந்தது. கடற்கரையில் பிறந்து, வணிகர்களோடு உள்நாட்டுக்குப் போன மொழி. ஜெர்மானியரும் அதிலேயே ஆட்சி நடத்தினார்கள். உள்நாட்டின் பெரிய இனம் எதற்கும் அது தாய்மொழி அல்ல. அதனால் அதை ஏற்பதில் யாருக்கும் தோல்வி இல்லை. விடுதலைக்குப் பின் தொடக்கப் பள்ளி முழுவதும் சுவாஹிலியில் நடந்தது. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சொந்த வட்டாரத்தைவிட்டுத் தொலைவிலுள்ள விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே வேற்றினப் பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் உண்டு உறங்கினார்கள். 1967க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதும் நின்றது.

எல்லாமே இப்படி இணக்கமாக நடக்கவில்லை. 1970களில், கூட்டுப் பண்ணைத் திட்டத்தின் பெயரில், லட்சக்கணக்கான குடும்பங்கள் புதிய கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. வர மறுத்த பலரை வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனார்கள். அந்தக் கொடுமையை நாட்டுப் பற்றின் பெயரால் மன்னிக்க எனக்கு மனமில்லை. மக்களைப் பிணைத்ததில் பெரும்பங்கு பள்ளிக்கும் மொழிக்கும் உரியது என்றே நினைக்கிறேன். அந்தக் கூட்டுப் பண்ணைத் திட்டம் கைவிடப்பட்டது. சுவாஹிலியோ இன்றும் சந்தையிலும் நாடாளுமன்றத்திலும் பேசப்படுகிறது.