காந்தம் பிரித்தெடுக்கும் கரி

திருவாலங்காட்டில் இயங்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளில், ஒரு டன் கரும்பைப் பிழிந்தபின் 250 முதல் 300 கிலோ வரை மிஞ்சும் ஈரச் சக்கை பெரும்பாலும் கொதிகலனுக்கே எரிபொருளாகிறது. ஆனால் அதே சக்கையைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, நீராவியாலோ வேதிப்பொருளாலோ கிளர்வூட்டினால், கரிக்குள் நுண்துளைகள் பெருகி, ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ கால் ஏக்கரைக்கூட எட்டக்கூடும். நீரில் கரைந்துள்ள சாயமும் உலோகமும் இப்பரப்பில் ஒட்டிக்கொள்வதையே பரப்புக் கவர்தல் என்பர்.

கரியை எவ்வளவு நுண்மையாகப் பொடிக்கிறோமோ அவ்வளவு விரைவாக அது மாசைப் பற்றும். அந்த நுண்மையே இடையூறாகவும் அமைகிறது. பொடி எளிதில் அடியில் படியாது, வடிகட்டியையும் அடைத்துவிடும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2012-இல் கரும்புச் சர்க்கரையிலிருந்து கிராஃபீன் ஆக்கி, அதை ஆற்று மணலிலேயே படியவைத்து இச்சிக்கலைக் கடந்தனர். மற்றொரு வழி, கரிக்குக் காந்தத்தன்மை ஊட்டுவது.

உலர்ந்த சக்கைத் தூளைப் பழுப்பு மஞ்சள் நிறமான பெர்ரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, நைட்ரஜன் நிரம்பிய உலையில் சுடும்போது, சக்கை கரியாகிக்கொண்டே, குளோரைடிலிருந்து உண்டாகும் இரும்பு ஆக்சைடின் ஆக்சிஜனில் ஒரு பகுதியைப் பறிப்பதால், கரிக்குள்ளேயே மேக்னடைட் என்னும் கருநிறக் காந்த ஆக்சைடு நானோ மணிகளாக விளைகிறது. வெப்பம் மிகுந்தால் அது வெறும் இரும்பாகிவிடும் என்பதால், உலையைக் கட்டுப்படுத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. கழுவிய பொடியை நீரில் கலக்கி, குப்பியின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், கருமை முழுதும் அப்பக்கச் சுவரில் அப்பி, நீர் தெளிகிறது. மணிகள் சுமார் 20 நானோமீட்டருக்குள் இருந்தால், காந்தத்தை எடுத்தவுடன் அவற்றின் காந்தத்தன்மையும் மறைவதால், பொடி கட்டிகட்டாமல் மீண்டும் நீரில் பரவும்.

திருவாலங்காட்டுக்கு அண்டை மாவட்டமான ராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைப் பல்லாண்டுகளாகக் கெடுத்துவருவதால், இத்தகைய கரியின் தேவை இப்பகுதிக்கு அயலானதன்று. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கரி பற்றிக்கொள்வதோடு, அதற்கு எலக்ட்ரான் வழங்கி, நச்சுக் குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாகவும் மாற்றுகிறது. எனினும் இவ்வினை அமில நீரிலேயே மிகச் சிறப்பாக நடக்கிறது. அதே அமிலம் மேக்னடைட்டையும் அரித்து இரும்பைக் கசியவிடும். கிணற்று நீர் அத்தகைய அமிலத்தன்மை கொண்டதன்று என்பதால், ஆய்வகக் குடுவையில் கிடைத்த பெரிய எண்களை அப்படியே களத்துக்குப் பொருத்துவது தவறு. மேலும், பயன்பட்ட கரியைக் காரக் கரைசலால் கழுவி மீட்கலாம் என்றாலும், அக்கழுவுநீரில் குரோமியம் முன்னிலும் செறிந்திருப்பதால், அதையும் ஒடுக்கி, ஹைட்ராக்சைடாக வீழ்படியச்செய்து, நீர் கசியாத காப்புக் குழியில் சேர்க்கும்வரை சுத்திகரிப்பு முடிந்ததாகாது.