யாட்டோவும் ஒரேட்டோவும்

நதிகளைப் பாதுகாப்பதையும் நல்ல ஜலத்துக்காக வாதாடுவதையும் ஆயுட்காலத் தொழிலாக மேற்கொள்ள விரும்பும் இளைஞர்களிடம், ரசாயனம் படி, பொறியியல் படி என்று புத்தி சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரைச் சுற்றியுள்ள நாட்டில், அந்தத் தொழிலைச் செம்மையாகச் செய்து காட்டிய டானிலோ டோல்ச்சி இவ்விரண்டையும் துறையாகக் கொண்டவரல்லர். மிலான் நகரில் கட்டடக் கலை பயின்று, பட்டம் கைக்கு எட்டும் தறுவாயில் அதை உதறிவிட்டு, 1952இல் பலேர்மோவுக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் ட்ரப்பெட்டோ என்னும் ஏழைக் கிராமத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே அங்கு ஒரு குழந்தை பட்டினியால் மாண்டபோது, அது கிடந்த படுக்கையிலேயே தாமும் படுத்து உபவாசம் தொடங்கி, அதிகாரிகள் உதவிக்கு வாக்களித்த பின்னரே எழுந்தார். சிசிலியின் காந்தி என்று பிற்காலத்தில் அவரைப் பலரும் அழைத்ததற்கு இது தொடக்கம்.

ட்ரப்பெட்டோவை அடுத்த பார்ட்டினிகோ சமவெளியின் துயரம் தண்ணீர் இல்லாமையால் வந்ததன்று. குளிர்காலத்தில் கொட்டும் மழையெல்லாம் யாட்டோ ஆற்றின் வழியே கடலில் போய் விழும். கோடை மாதங்களிலோ வானம் வறண்டு கிடக்கும். அப்போது பயிர் பிழைக்க வேண்டுமானால் கிணற்றுக்காரர்களின் வாசலில் போய் நிற்க வேண்டும். கிணறுகள் சிலர் கையில் இருந்தன. அந்தச் சிலருக்குப் பின்னால் மாபியா இருந்தது. நம் கிராமங்களில் மடை திறந்து முறை தவறாமல் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, ஊராரிடம் நெல் வாங்கிப் பிழைக்கும் ஊழியன். பலேர்மோவைச் சூழ்ந்த எலுமிச்சைத் தோட்டங்களின் நீர்க்காவலனோ, எவன் தோட்டம் பிழைக்கும், எவன் தோட்டம் காயும் என்பதைத் தீர்மானிக்கும் எஜமானாக இருந்தவன்.

இந்த நிலையில் டோல்ச்சி செய்த முதற்காரியம் கேள்வி கேட்டது. குடியானவர்களையும் மீனவர்களையும் வேலையற்றவர்களையும் வட்டமாக உட்கார வைத்து, தம் அபிப்பிராயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் விடை வரும்வரை பொறுமையோடு காத்திருப்பது அவர் முறை. அத்தகைய கூட்டமொன்றில்தான், குளிர்காலத்து வெள்ளத்தைக் கடலுக்குப் போகவிடாமல் பெரியதொரு தொட்டி கட்டித் தேக்கினால் என்ன என்று ஒரு கிழக் குடியானவர் கேட்டார். யாட்டோ அணை அந்தக் கேள்வியில் பிறந்தது.

கேள்வி அணையாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. இதற்கிடையே, 1956 பிப்ரவரி 2ஆம் தேதி வேலையற்றவர்களைத் திரட்டிக்கொண்டு, பாழடைந்து கிடந்த ஒரு கிராமப் பாதையைக் கூலியின்றிச் செப்பனிடச் சென்றார் டோல்ச்சி. உழைப்பது உரிமையும் கடமையுமாகும் என்று அரசியல் சாசனமே சொல்லுகையில், உழைக்கப் போனவர்களைப் போலீஸார் கைது செய்தார்கள். வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். இதற்குத் தலைகீழ் வேலைநிறுத்தம் என்றே பெயர் வழங்கிற்று. சட்ட அறிஞர் பியரோ கலமாந்த்ரேயி வந்து வாதாடியும் 50 நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. பின்னர்த் தமக்குக் கிடைத்த லெனின் சமாதானப் பரிசின் பணத்தைக் கொண்டு 1958இல் பார்ட்டினிகோவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1962இல் அணைக்காக மறுபடியும் உபவாசம் இருந்தார். 1963இல் வேலை தொடங்கிற்று. இன்று போமா என்று பெயர் வழங்கும் அந்த ஏரி, நிறைந்தால் ஏறக்குறைய 7 கோடி கன மீட்டர் நீர் கொள்ளும்.

அணை கட்டியதை நான் பெரிய சாதனையாகச் சொல்ல மாட்டேன். அணைகளை எந்தச் சர்க்காரும் கட்டும்; கட்டிய அணையால் கொழுத்தவர்கள் யார் என்பதன்றோ விசாரிக்கத் தக்கது? டோல்ச்சியும் அவருடைய சகாக்களும் தேங்கிய நீரை மறுபடியும் பழைய கைகளில் விழவிடாமல், பாசனக்காரர்களே அங்கத்தினராக இருந்து நிர்வகிக்கும் ஒரு சங்கத்தை உண்டாக்கினார்களே, அங்கேதான் அவர்களுடைய உத்தியோகம் பூர்த்தியாயிற்று.

பலேர்மோ நகருக்கென்று வேறொரு நதி உண்டு. அதன் கதை நேர்மாறானது. மலையடிவாரத்தில் பிறந்து, ஆல்டோஃபோன்டே, மொன்றியாலே ஊர்களின் எல்லைகளைக் கடந்து, சுமார் 20 கிலோமீட்டர் ஓடி, நகரின் ஊடே கடலை அடையும் ஒரேட்டோ நதிக்குச் சொந்தக்காரர் எவரும் இலர். ஆகவே சாக்கடையை அதில் திருப்புவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சிசிலி மன்னன் ரோஜருடைய கப்பற்படைத் தலைவன் கட்டிய கல் பாலம் இன்றும் கூர்வளைவுகளுடன் அழகாக நிற்கிறது. நதியை வேறு வழியில் திருப்பிவிட்டதால், வளைவுகளின் கீழே தண்ணீருக்குப் பதிலாகப் புல்தரை. இதே நகரத்தின் பெல்லெக்ரீனோ மலையில், ஈழத் தமிழர்களும் பெருந்திரளாக ஏறிச் சென்று வணங்கும் ரோசலியா அம்மையின் குகையில், பாறையிலிருந்து கசியும் நீரைக் கூரை நெடுகத் தகரக் குழாய்கள் கட்டி ஒரு சொட்டும் வீணாகாமல் பிடிக்கிறார்கள். குகையில் கசியும் நீருக்குக் கிடைத்த மரியாதை நதிக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் 2018இல், இத்தாலியில் காக்கத்தக்க இடங்களை ஜனங்களே தெரிந்தெடுக்கும் வாக்கெடுப்பில், ஒரேட்டோ 80,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று நாட்டிலேயே இரண்டாவதாக வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஊர்களுக்காக, அவற்றுள் சிசிலி ஊர்கள் பல, ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலிக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்து, குறை தீரும்வரை ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் 3 கோடி யூரோவுக்கு மேல் செலுத்தவும் உத்தரவிட்டது.

ஒரேட்டோவுக்காக உழைக்க முன்வருகிறவருக்கு டோல்ச்சியின் ஆயுதம் அப்படியே பயன்படாது என்று எனக்குத் தோன்றுகிறது. உபவாசம் இருப்பதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். கிணற்றுக்காரனுக்கு முகம் உண்டு. ஆயிரம் வீடுகளின் கழிவுக் குழாய்க்கு அது இல்லை. அவர் செய்ய வேண்டியது, கரையோரம் நடந்து, எந்தக் குழாய் எங்கிருந்து வந்து விழுகிறது என்று படம் வரைந்து, அது எந்த நகராட்சியின் பொறுப்பு என்று எழுதி வாங்குவது. மேட்டூரான் விட்ட கழிவுக்குப் பள்ளத்தூரான் பொறுப்பில்லை என்று ஒருவரையொருவர் கைகாட்டும் ஆல்டோஃபோன்டே, மொன்றியாலே, பலேர்மோ நகராட்சிகள் மூன்றையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது. நதி உடன்படிக்கை என்ற பெயரில் இத்தாலியில் இதற்கு ஓர் ஏற்பாடே இருக்கிறது. ஒரேட்டோவுக்கும் அந்தப் பிரயத்தனம் நடந்து வருகிறது.