சென்ற ஆண்டுதானே ஊசி போட்டோம்?

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலம். 1813-ஆம் ஆண்டில் ராணி கௌரி லட்சுமிபாய் அம்மை குத்தும் முறையைத் தம் நாட்டில் புகுத்தினார். மக்கள் அஞ்சினர். ஆகவே அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டனர். அம்மை குத்திய தழும்பை நம் முதியோர் கைகளில் இன்றும் காணலாம். பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

அத்தழும்பு தந்த பழக்கத்தினால்தானோ என்னவோ, ஊசி என்றால் சிறுவயதிலேயே முடிந்துவிடும் காரியம் என எண்ணுகிறோம். இன்புளுவென்சா காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் ஊசி என்று மருத்துவர் கூறினால், "சென்ற ஆண்டுதானே போட்டோம்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். பெரியம்மைக் கிருமி பெரிதும் மாறாதது. இன்புளுவென்சா கிருமியோ ஓயாமல் உருமாறுவது. சென்ற ஆண்டின் கிருமியை அடையாளம் கண்ட நம் உடல், இவ்வாண்டு வருவதைக் கண்டுகொள்ளாமற் போகலாம். ஊசி தந்த எதிர்ப்பாற்றலும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. எனவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், மருந்தில் எவ்வகைக் கிருமிகள் இடம்பெற வேண்டுமென ஆராய்ந்து அறிவிக்கிறது.

வெறும் தடுமன்தானே என்று இதனை ஒதுக்குவோரும் உளர். 1918-இல் இக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா உடையோர் ஆகியோருக்கு இது நிமோனியாவாக முற்றக்கூடும்.

கேரளத்தில் இடவப்பாதி மழையோடும், சென்னையில் ஐப்பசி மழையோடும் இக்காய்ச்சல் பெருகுகிறது. நமக்கோ இரு மழைகளும் உண்டு! அடைமழை ஓயாத நவம்பர் இறுதியில்தான் கோட்டாறு சவேரியார் திருவிழாக் கூட்டமும். ஊசி பயன்தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

ஊசியே காய்ச்சலை உண்டாக்கும் என்பது வீண் அச்சம். ஊசியில் இருப்பது உயிரற்ற கிருமி. ஓரிரு நாள் கைவலியோ உடல்வலியோ இருக்கலாம். ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வருவதுண்டு. ஆயினும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு அது முற்றுவது குறைகிறது.

இவ்வூசி அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்படாததால், பெரும்பாலோர் கைப்பணம் செலவிட வேண்டியுள்ளது. எளிய குடும்பங்களுக்கு அது பாரமே என்பதை அறிவேன். வீட்டில் அனைவருக்கும் இயலாதெனில், திருவிழாப் புத்தாடைக்கு எடுத்து வைத்த பணத்தில் பாட்டிக்கும் தாத்தாவுக்குமாவது முதலில் போடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இவ்வூசி போடலாகாது. கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொண்டால் அவள் வழியாகவே குழந்தைக்கும் அப்பாதுகாப்பு கிட்டும்.