பாடஞ்சாராச் செயற்பாடுகளும் பதின்ம வயதினரின் சமூக, உணர்வுத் திறன்களும்

பாடஞ்சாராச் செயற்பாடுகள் என்பன, பாடத்திட்டத்துக்கு வெளியே மாணவர்கள் விரும்பிப் பங்குபெறும் விளையாட்டு, நாடகம், இசைக்குழு, சாரணியம், மாணவர் மன்றம் போன்றவற்றைக் குறிக்கும். இலங்கையில் இவை இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என வழங்கப்படுகின்றன. ஒத்துழைத்தல், சினத்தையும் தோல்வியையும் கையாளுதல், பொறுப்பேற்றல் ஆகிய திறன்களுக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பை உளவியலாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

விருப்பமும் கவனமும்

அமெரிக்க உளவியலாளர் ரீட் லார்சன் பயன்படுத்திய ஆய்வுமுறை எளிமையானது. பதின்ம வயதினரிடம் பேஜர் கருவி கொடுக்கப்பட்டது. எதிர்பாராத நேரங்களில் அது ஒலிக்கும்போது, தாம் என்ன செய்கிறோம், எவ்வாறு உணர்கிறோம் என்பதை அவர்கள் குறித்து வைத்தனர். வகுப்பறையில் கவனம் இருந்தது, விருப்பம் குறைவாக இருந்தது. நண்பர்களுடன் இருக்கையில் விருப்பம் இருந்தது, கவனம் குறைவாக இருந்தது. விளையாட்டு, கலை, மன்றப் பணிகள் ஆகியவற்றில் இரண்டும் சேர்ந்து காணப்பட்டன. தாமாக முன்வந்து ஒன்றைத் தொடங்கி, இடையூறு வந்தாலும் தொடரும் முனைப்பு இத்தகைய சூழலில் வளரக்கூடும் என்று லார்சன் 2000 ஆம் ஆண்டில் எழுதினார்.

நாடகக் குழுவை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வசனத்தை மறந்த தோழரை மேடையிலேயே காப்பாற்ற வேண்டும். தான் விரும்பிய வேடத்தில் வேறொருவர் நடிப்பதையும் ஏற்க வேண்டும். எந்தத் தேர்வுத்தாளும் இவற்றைக் கேட்பதில்லை.

செயற்பாட்டின் தன்மை

எல்லாச் செயற்பாடுகளும் ஒரே விளைவைத் தருவதில்லை. மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்குலின் எக்கிள்ஸ், பானி பார்பர் ஆகியோர் நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டு அணியினர் பள்ளியைக் கூடுதலாக விரும்பினர்; எனினும் அவர்களிடையே மதுப்பழக்கமும் கூடுதலாக இருந்தது. தொண்டுப் பணிகளில் ஈடுபட்டோரிடம் அப்பழக்கம் குறைவாக இருந்தது. யாருடன் சேர்கிறோம் என்பதும் இங்கே முக்கியமாகிறது.

சுவீடனில் ஜோசப் மகோனி, ஹோக்கன் ஸ்டாட்டின் ஆகியோர் 14 வயதினரிடம் நடத்திய ஆய்வு (2000), ஒழுங்கான பயிற்சியோ பெரியவரின் வழிகாட்டலோ அற்ற பொழுதுபோக்கு சமூக விரோத நடத்தையுடன் தொடர்புற்றிருந்ததைக் காட்டியது.

காரணம் குறித்த ஐயம்

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை தொடர்பையே காட்டுகின்றன, காரணத்தை நிறுவுவதில்லை. இயல்பிலேயே கலகலப்பாகப் பழகும் மாணவரே இக்குழுக்களில் சேர்கின்றனர் என்றும் வாதிடலாம். மேலும், கட்டணம் செலுத்த இயலாதோரும், மாலையில் வீட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியோரும் தொடக்கத்திலேயே விடுபட்டுப் போகின்றனர். இது கவலைக்குரியது. ஏனெனில் மகோனியும் ராபர்ட் கேர்ன்சும் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், இச்செயற்பாடுகளில் பங்கேற்றோரிடையே பள்ளி இடைநிற்றல் குறைந்திருந்தது, குறிப்பாக இடைநிற்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்த மாணவரிடமே.