தன்ராஜ் பிள்ளை: நான்கு ஒலிம்பிக் கண்ட முன்கள வீரர்

தன்ராஜ் பிள்ளை 1968 ஜூலை 16 அன்று புனே அருகே கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாகலிங்கம் அங்கிருந்த படைக்கலத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர், தாய் ஆண்டாளம்மா. பிள்ளைகள் எல்லோருக்கும் ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுக்க வசதி இல்லை. உடைந்த மட்டைகளை ஒட்டவைத்து, பிறர் கழித்துப்போட்ட பந்துகளைக் கொண்டு, குடியிருப்பின் புழுதி மண்ணில் ஆடினார்கள். இந்திய முன்கள வீரர் முகமது ஷாகித்தின் ஆட்டத்தைப் பார்த்து அதைப் போலவே ஆடிப் பழகினார் தன்ராஜ். அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆடிக்கொண்டிருந்ததால் அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1989இல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு அறிமுகமானார்.

ஹாக்கியில் எங்கிருந்து அடித்தாலும் கோல் ஆகிவிடாது. கோலுக்கு முன்னால் சுமார் 48 அடி தூரத்துக்கு வரைந்திருக்கும் 'டி' வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தில் பட்டிருக்க வேண்டும். பந்தை அந்த வட்டத்துக்குள் கொண்டுபோவதுதான் முன்கள வீரரின் முதல் வேலை. உள்ளே நுழைந்தவரைத் தடுப்பாட்டக்காரர் விதி மீறி மறித்தால் பெனால்டி கார்னர் என்ற கோல் வாய்ப்பு கிடைக்கும். தலைமுடி பறக்க, பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டதுபோல் இரண்டு மூன்று பேரைக் கடந்து தன்ராஜ் ஓடும் ஓட்டம் அந்த வேலையைச் செய்தது. அவர் பெயரில் எழுதப்படாத பல கோல்களுக்கும் அந்த ஓட்டமே தொடக்கம்.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. இறுதியில் தென் கொரியாவுடன் ஆட்டம் சமனாகி, கோல்காப்பாளரை மட்டும் எதிர்த்து அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் முடிவானது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. ஆனால் ஊர் திரும்பிய சில நாட்களில் அவரும் முக்கிய வீரர்கள் சிலரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அது பெரும் அநியாயம்.

மீண்டும் வந்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றிருந்தால் இந்தியாவுக்கு அரையிறுதி. ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது, வாய்ப்பு போயிற்று. 2003இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை வீழ்த்தி ஆசியக் கோப்பையை இந்தியா முதல்முறையாக வென்றபோதும் அவரே தலைவர்.

நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு ஆடிய அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் மட்டும் வாய்க்கவில்லை. 2004 ஏதென்ஸ்தான் அவருடைய கடைசி ஒலிம்பிக். அதற்கு 17 ஆண்டுகள் கழித்து, டோக்கியோவில்தான் இந்திய ஹாக்கி அணி மறுபடியும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது.