கதிரியக்கப் பணியும் இருதய நலமும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தனுவச்சபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது இவ்வூர் கேரளத்தில் நின்றது. இதற்குத் தெற்கே உள்ள விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. ஆயினும் கடற்கரையிலுள்ள கறுமணல் அந்த எல்லையை அறியாது. தெற்கே மணவாளக்குறிச்சியிலும் வடக்கே சவறாவிலும் அம்மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்துள்ளது. மோனசைட்டில் தோரியம் அடங்கியிருத்தலால் அது கதிர்வீசும் இயல்புடையது.

1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருத்தலைக் கண்டார். அதன் பயனாக மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழில் தோன்றியது. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் நிறுவப்பட்டது.

கதிர்வீச்சு என்றவுடன் மக்கள் நினைப்பது புற்றுநோயையே. கருநாகப்பள்ளிக் கடற்கரையில் வாழும் ஏறத்தாழ 70,000 மக்களைத் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தினர் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஆராய்ந்தனர். இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை என 2009-இல் அறிவித்தனர். இது மனத்துக்கு ஆறுதல் தரும் செய்தியே. எனினும் அது புற்றுநோயைப் பற்றிய ஆய்வு. இருதயத்தைப் பற்றிய முடிவாக அதனைக் கொள்ளலாகாது.

இருதயம் எவ்வாறு பாதிக்கப்படுகிறது?

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை மெல்லிய உயிரணுப்படலம் ஒன்று மூடியுள்ளது. கதிர்வீச்சு மிகுதியாகத் தாக்கும்போது இப்படலம் ஊறுபட்டு அழற்சி உண்டாகிறது. அவ்விடத்தில் கொழுப்புப் படிந்து, பல ஆண்டுகளில் குழாய் குறுகுகிறது. சுவீடன், டென்மார்க் நாடுகளில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட அறிக்கை இதனைத் தெளிவாக்கிற்று. இருதயம் ஏற்ற சராசரி அளவு ஒரு கிரே கூடுந்தோறும், மாரடைப்பு முதலிய கடும் நோய்களின் வீதம் 7.4 சதவீதம் உயர்ந்தது.

ஜப்பானில் அணுகுண்டுக்குத் தப்பியோரை 1950 முதல் 2003 வரை கவனித்ததில், கிரே ஒன்றுக்கு இருதய நோய் மரணம் ஏறத்தாழ 14 சதவீதம் மிகுந்திருந்தது. அரை கிரேக்குக் கீழ்ப்பட்ட அளவில் விளைவு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை. சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்புக் குழுவும் 2012-இல் அரை கிரே அளவையே எச்சரிக்கைக் குறியாக வகுத்தது.

பணியாளரின் நிலை யாது?

பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்தொழிலாளர் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த அறிக்கை 2017-இல் வெளிவந்தது. சீவர்ட் ஒன்றுக்கு இரத்த ஓட்ட நோய்களால் நேரும் மரணம் 22 சதவீதம் மிகுவதாக அது மதிப்பிட்டது. இக்கணக்கின்படி, பணிக்காலம் முழுவதிலும் 100 மில்லிசீவர்ட் ஏற்ற ஒரு குழுவில் 1,000 மரணம் எதிர்பார்க்கும் இடத்தில் 1,022 நேரும். இது சிறு உயர்வே. மேலும், அப்பணியாளரின் புகைபிடிக்கும் பழக்கம் பதிவாகாமையால் இம்மதிப்பை அறுதியானதாகக் கொள்வதற்கில்லை.

நமது நாட்டில் அணுசக்தி ஒழுங்காற்று வாரியம் பணியாளர்க்கு வரம்பு விதித்துள்ளது. தொடர்ந்த ஐந்தாண்டுகளின் சராசரி, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை மிஞ்சலாகாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. பெரும்பாலோர் ஏற்பது இதனினும் மிகக் குறைவு. ஆயினும் ஒரு கணக்கை மறத்தலாகாது. ஆண்டுதோறும் 20 வீதம் 25 ஆண்டுகள் ஏற்றால் மொத்தம் 500 மில்லிசீவர்ட் ஆகும். எக்ஸ், காமா கதிர்களைப் பொறுத்தவரை அதுவே மேற்கூறிய அரை கிரே. ஆகவே வரம்பு என்பது கடக்கக்கூடாத எல்லையேயன்றி, அதுவரை அச்சமின்றிச் செல்லலாம் என்னும் அனுமதியன்று.

நாம் செய்யத்தக்கவை

கதிர்ப்பணி மணல் ஆலையோடு முடிவதில்லை. மருத்துவமனை எக்ஸ்ரே அறையிலும், இருதயக் குழாய்களில் வடிகுழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கூடத்திலும், பற்றவைப்பு இணைப்புகளை இரிடியம் கொண்டு சோதிக்கும் இடத்திலும் அது உண்டு. தனுவச்சபுரம் ஐ.டி.ஐ. போன்ற நிலையங்களில் தொழில் பயிலும் இளைஞரும் நாளை இத்தகைய பணியிடங்களில் நிற்கக்கூடும்.

அவர்கள் அறியவேண்டுவன மூன்று: கதிர்மூலத்தின் அருகே நிற்கும் நேரத்தைக் குறைத்தல், விலகி நிற்றல், இடையே தகுந்த மறைப்பை அமைத்தல். சிறிய கதிர்மூலத்திலிருந்து இரு மடங்கு தொலைவில் நின்றால் ஏற்கும் அளவு நான்கில் ஒரு பங்காகும். மணல் ஆலையில் தூசு உள்ளே செல்லாதவாறு முகமூடி அணிதலும், உண்ணுமுன் கை கழுவுதலும் இவற்றோடு சேரும்.

அளவறியும் டி.எல்.டி. பாட்ஜை மார்பின்மேல், ஈய மேலாடை அணிவோர் அதற்கு உட்புறமாக, தவறாது அணிதல் வேண்டும். அளவு மிகுதியாகப் பதிவானால் பணி பறிபோகுமோ என அஞ்சி அதனைப் பெட்டியில் வைத்துவிட்டுச் செல்பவர், தமது உடலின் கணக்கைத் தாமே அழித்துவிடுகிறார். பிற்காலத்தில் நோய் வந்தால், அது பணியால் நேர்ந்ததா என ஆராய்வதற்கு அப்பதிவன்றி வேறு சான்று அரிது. இதனைப் பணியாளர் மனங்கொள்ளுமாறு எடுத்துரைத்தல் களப்பணியாளரின் கடமை; அச்சத்தால் அவ்வாறு செய்யவேண்டிய நிலை எழாமற் காத்தல் மேலதிகாரிகளின் கடமை.

இறுதியாக ஒன்று. பீடி, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை இருதயத்துக்கு விளைக்கும் கேடு, வரம்புக்குட்பட்ட கதிர்வீச்சின் விளைவினும் பன்மடங்கு பெரிது. கதிரை அஞ்சிப் பீடியை மறப்பதும், பீடியைக் காட்டிக் கதிரைப் புறக்கணிப்பதும் ஒருங்கே தவறாகும். இரண்டையும் அளவறிந்து காட்டுதலே ஆசிரியரும் களப்பணியாளரும் ஆற்றத்தக்க தொண்டு.