பிரிந்தவர் மீண்டும் கூடும் கதைகள்

அரபுக் காதல் கதை என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது லைலா மஜ்னூன் கதையே. அதே ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில், அதே கைஸ் என்னும் பெயர் தாங்கிய இன்னொரு கவிஞரின் கதையும் அரபு இலக்கியத்தில் உண்டு. கைஸ் இப்னு தரீஹ், அவர் மனைவி லுப்னா ஆகியோரின் கதை அது. மஜ்னூனுக்கு நிஜாமி போன்ற பாரசீகப் பெருங்கவிஞர் வாய்த்தார். இவருக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. ஆயினும் பாடம் நடத்தும்போது மாணவர்கள் மெய்ம்மறந்து கேட்பது இரண்டாவது கதையைத்தான் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மஜ்னூன் லைலாவை அடையவே இல்லை. கைஸோ லுப்னாவை மணமுடித்தார். பின் தாமே தலாக் கூறி இழந்தார். முன்னவரின் துயரம் விதியின்மீது கொண்ட துயரம். பின்னவருடையதில் தம்மீதே கொண்ட கோபமும் கலந்திருக்கிறது.

அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானியின் ‘கிதாபுல் அகானி’ இதனை விரிவாகக் கூறுகிறது. மருமகள் வந்தபின் மகனின் கவனம் தம்மைவிட்டு விலகியதாகத் தாய் மனம் குமைந்தார். குழந்தைப் பேறு இல்லாதது அவருக்கு வாய்ப்பாயிற்று. கைஸ் நோயுற்றுத் தேறிய சமயம், வாரிசின்றிச் செல்வம் போய்விடுமே எனக் கணவரிடம் முறையிட்டார். மறுமணம் செய்துகொள்ளுமாறு தந்தை கூற, மகன் இணங்கவில்லை. லுப்னாவை விலக்கும்வரை எந்தக் கூரையின் கீழும் ஒதுங்குவதில்லை என்று தந்தை சத்தியம் செய்து வெயிலில் போய் நின்றார். மகன் அருகே சென்று தம் மேலாடையால் தந்தைக்கு நிழல் பிடித்துத் தாம் வெயிலில் வெந்தார். வெயில் தாழ்ந்ததும் வீடு சென்று மனைவியோடு சேர்ந்து அழுதார். இவ்வாறு நாட்கள் சென்று, இறுதியில் தலாக் கூறினார். இத்தா முடிந்து அவள் தன் குலத்தாரிடம் திரும்பும் நாளில்தான், தாம் செய்தது இன்னதென்று அவருக்கு உறைத்தது. பின்னர் லுப்னா வேறொருவருக்கு மணமுடிக்கப்பட்டாள்.

மதீனாவில் ஒட்டகம் விற்க வந்த கைஸிடம், ஆள் இன்னாரென்று அறியாமல், லுப்னாவின் புதிய கணவரே பேரம் பேசி ஒரு பெண் ஒட்டகத்தை வாங்குகிறார். விலையைப் பெற வீட்டுக்கு வந்தவரின் குரலைத் திரைக்குப் பின்னிருந்த லுப்னா அறிந்துகொள்கிறாள். பணியாள் மூலம் நலம் கேட்கிறாள். திரை விலகுகிறது. கைஸ் திகைத்து நின்று, அழுது, பணத்தையும் பெறாமல் வெளியேறிவிடுகிறார். நவீன நாவலாசிரியர் எவரும் இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியதில்லை.

கதையின் முடிவில் அறிவிப்பாளர்கள் வேறுபடுகின்றனர். இருவரும் பிரிந்தே இறந்தனர் என்பது பெரும்பாலோர் கூற்று. கூடினர் என்போர் சொல்வது இது: அபூபக்ர் (ரலி) அவர்களின் வழித்தோன்றலான இப்னு அபீ அதீக், குறைஷிப் பெருமக்கள் சிலரை அழைத்துக்கொண்டு லுப்னாவின் கணவரிடம் சென்றார். கேட்பது எதுவாயினும் தருவதாக அவரிடம் வாக்குப் பெற்றபின், மனைவியை விலக்குமாறு கேட்டார். கணவர் அக்கணமே விலக்கினார். கேட்கப்படப் போவது இன்னதென்று அறியாமல் உடன் வந்த பெருமக்கள் வெட்கித்துப்போயினர்.

‘அகானி’ ஹதீஸ் நூலன்று. அதிலுள்ளவற்றை வரலாறாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் அந்த வெட்கத்தைக் குறித்துவைத்த கதைசொல்லி நுட்பமானவர். ஒருவர் மீண்டும் பெற, குற்றமற்ற இன்னொருவர் இழக்கிறார். லுப்னாவின் விருப்பத்தையோ அங்கு எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைக்குப் புகழ்பெற்ற சான்று ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘பெர்சுவேஷன்’. ஆசிரியர் மறைந்தபின் 1817இன் இறுதியில் வெளிவந்தது. பத்தொன்பது வயதில் ஆன் எலியட், தாயின் இடத்திலிருந்த ஒரு பெருமாட்டியின் அறிவுரைக்கு இணங்கி, பொருளற்ற கடற்படை வீரர் வென்ட்வொர்த்தை மறுக்கிறாள். எட்டாண்டு கழித்து அவர் செல்வராகத் திரும்புகிறார். இருவரும் கூடிய பின் ஆன் கூறுவது நமக்குப் பழகிய குரல்: அறிவுரை தவறாக இருக்கலாம், எனினும் தாயின் இடத்திலிருந்தவர் சொல்லுக்கு இணங்கியது தவறன்று என்கிறாள். கைஸின் வழக்கும் இதுவே.

ஆனால் அவள் முறித்தது வாக்குறுதியை. கைஸ் முறித்தது நிகாஹை. தந்தை சொன்னால் மனைவியை விலக்கலாமா? உமர் (ரலி) அவர்கள் தம் மகனிடம் மனைவியை விலக்கச் சொன்னபோது, தந்தைக்குக் கட்டுப்படுமாறு நபி (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களைப் பணித்தார்கள் என்பது உண்மை. இதை ஆதாரமாகக் காட்டிய ஒருவரிடம் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள், உம் தந்தை உமரைப் போன்றவராகும்வரை விலக்க வேண்டாம் என்று கூறியதாக ஹன்பலி நூல்கள் குறிக்கின்றன. கைஸுக்கு இப்படிக் கூற எவரும் இல்லாமற்போயினர்.

நம் மரபில் இத்தகைய மீள்கூடல்கள் கற்பனையில் மட்டும் இல்லை. ஸைனப் (ரலி) அவர்களும் அபுல் ஆஸ் (ரலி) அவர்களும் மார்க்கத்தால் பிரிந்து, ஆண்டுகள் சென்றபின் அபுல் ஆஸ் இஸ்லாத்தைத் தழுவி மதீனா வந்தபோது கூடினர். பழைய நிகாஹிலேயே சேர்த்துவைக்கப்பட்டார்களா, புதிய நிகாஹா என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஹிஜ்ரி 8இல் ஸைனப் (ரலி) மறைந்தார்கள். கூடி வாழ்ந்த காலம் சிறிதே.

மஅகில் இப்னு யஸார் (ரலி) அவர்களின் சகோதரி நிகழ்ச்சி இன்னும் நெருக்கமானது. தலாக் கூறி இத்தாவும் முடியவிட்ட கணவர் மீண்டும் பெண் கேட்டு வந்தார். கண்ணியப்படுத்தி மணமுடித்துத் தந்தவளை விலக்கிவிட்டு இப்போது கேட்கிறாயா எனச் சினந்த மஅகில், ஒருபோதும் தருவதில்லை என்றார். சகோதரியோ அவரிடம் திரும்ப விரும்பினார். இதையொட்டி அல்பகறாவின் 232ஆம் வசனம் இறங்கியதாக புகாரீயில் காண்கிறோம். இருவரும் முறைப்படி இசைந்துவிட்டால் தடுக்காதீர் என்பது அதன் கருத்து. மஅகில் உடனே பணிந்தார். பெண்ணின் இசைவு இங்கு வசனத்திலேயே நிற்கிறது. ‘அகானி’க் கதையில் இல்லாதது அதுவே.

இசையாத பெண்ணும் உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரலி), கணவர் முகீஸோடு தொடரும் கட்டாயம் நீங்கியதும் பிரிந்தார். தாடி நனையக் கண்ணீர் சிந்தியபடி முகீஸ் மதீனாத் தெருக்களில் அவர் பின்னே சென்றார். மனமிரங்கிய நபி (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பக்கூடாதா என்று கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவ, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று கூறி அவர் சென்றார். எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.